கடைமடை வீட்டுக்கும் இணையம்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், மலையடிவாரத்தில், கோல குபு பாருவுக்கு அருகே அம்பாங் பெச்சா என்னும் சிற்றூர் உள்ளது. மலாய்மொழியில் ‘அம்பாங்’ என்றால் அணை. ‘பெச்சா’ என்றால் உடைந்தது. 1883-ஆம் ஆண்டில் அங்கிருந்த அணை உடைந்து, பழைய கோல குபு நகரை வெள்ளம் அழித்தது. பலர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தை அவ்வூர் இன்றும் தன் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது.

நீர் அளவுக்கு மீறி வந்தால் அழிவு. வரவேண்டிய நீர் வராமல் போனாலும் அழிவுதான். இதனைத் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டார நெல் விவசாயிகள் நன்கு அறிவர். வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் வயலுக்கு நீர் முதலில் பாயும். வாய்க்கால் நீள நீள, நீரின் அளவும் வேகமும் குறையும். கடைசியில் இருக்கும் வயலைத் தமிழில் ‘கடைமடை’ என்பர். காவிரிப் பாசனப் பகுதியில், மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுவது வழக்கம். அணை திறந்த செய்தி கேட்டு மகிழும் விவசாயிகள் உடனே கேட்கும் கேள்வி, “கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும்?” என்பதுதான்.

இதே கேள்வியை நாம் இணையத்தைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு நாட்டின் இணைய வசதியைத் தலைநகரில் உள்ள அடுக்குமாடி வீட்டில் கிடைக்கும் வேகத்தைக் கொண்டு அளக்கக்கூடாது. தோட்டத்தின் கடைசி லயத்தில் உள்ள கடைசி வீட்டில் கிடைக்கும் வேகத்தைக் கொண்டே அளக்க வேண்டும்.

1990-களின் இறுதியில் நான் இணையத்தை முதன்முதலில் கண்டது அம்பாங் பெச்சாவில் இருந்த என் அத்தை வீட்டில்தான். கணினியின் அருகில் இருந்த மோடம் கீச்சிட்டு, இரைந்து, பிறகு அமைதியாகும். அதன் பின்னரே திரையில் ஏதாவது தெரியத் தொடங்கும். ஒரு படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கி வருவதைக் காத்திருந்து பார்ப்போம். அதற்குள் அத்தை சமையலறையிலிருந்து, “போதும்யா, லைனை விடு! ஈப்போவிலிருந்து மாமா கூப்பிடுவாரு” என்று குரல் கொடுப்பார். அவர் தொலைபேசியைக் கையில் எடுத்தால் போதும், இணைப்பு அறுந்துவிடும். ஒரே கம்பியில் ஒன்று பேச்சு ஓட வேண்டும், அல்லது இணையம் ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓட முடியாது.

அது ஏன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து இன்னொரு கேள்வியும் எழுந்தது. அத்தை வீட்டுக்கு அகன்ற அலைவரிசை இணைப்பு வந்துவிட்டது. பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்த முடிந்தது. ஆனால், உட்புறத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த என் பெரியப்பா வீட்டில் அதே இணைப்புக்கு விண்ணப்பித்தபோது, “தூரம் அதிகம், லைன் தாங்காது” என்ற பதிலே கிடைத்தது. அவர் வீட்டிலும் தொலைபேசி இருந்தது. கம்பி இருந்தது. கட்டணம் கட்டவும் அவர் ஆயத்தமாக இருந்தார். பிறகு எது தடுத்தது? இதற்கு விடை காண, தொலைபேசிக் கம்பி எப்படி இணையத்தைச் சுமக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-ஆம் ஆண்டில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு உலகமெங்கும் வீடுகளுக்குச் செப்புக் கம்பிகள் இழுக்கப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மெல்லிய கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு வரும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் குறைவாகத் தாக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றை முறுக்குகிறார்கள். வட்டாரத்தில் உள்ள எல்லாக் கம்பிகளும் ஒரு கட்டடத்தில் சென்று சேரும். அதுவே தொலைபேசி இணைப்பகம்.

நாம் பேசும்போது குரல் மின் அலையாக மாறிக் கம்பியில் செல்கிறது. பேச்சு புரிவதற்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களே போதும். ஆகவே, தொலைபேசிக் கட்டமைப்பை அமைத்தவர்கள் அந்த அளவுக்கு மட்டுமே இடம் ஒதுக்கினர். பழைய மோடம் என்ன செய்தது? கணினியின் தரவுகளை ஒலியாக மாற்றி, இந்தக் குறுகிய இடத்திற்குள் திணித்து அனுப்பியது. நாங்கள் கேட்ட கீச்சொலி அதுதான். மோடமும் அத்தையும் ஒரே இடத்திற்குப் போட்டியிட்டதால்தான் இருவரில் ஒருவர் விலக வேண்டியிருந்தது. அந்த மோடத்தின் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே, நொடிக்கு 7 கிலோபைட்தான். ஐந்து மெகாபைட் அளவுள்ள ஒரு பாடலைப் பதிவிறக்க ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும்.

ஆனால், செப்புக் கம்பியின் ஆற்றல் அவ்வளவு குறைந்ததன்று. அது பத்து இலட்சம் ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட அதிர்வெண்களைச் சுமக்க வல்லது. அகன்ற நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரே ஒரு மிதிவண்டிப் பாதையை மட்டும் பயன்படுத்திவிட்டு, மற்ற இடத்தையெல்லாம் வெறுமனே விட்டிருந்ததைப் போன்றது அது. அந்த வெற்றிடத்தைப் பயன்படுத்தும் நுட்பமே ஏ.டி.எஸ்.எல். எனப்படுவது.

இந்நுட்பத்தில், அடிப்பகுதி அதிர்வெண்கள் முன்போலவே பேச்சுக்கு உரியவை. அதற்கு மேலே சிறிது இடைவெளி விட்டு, ஏறத்தாழ 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் தரவுகளுக்கு. அதற்கும் மேலே 1,104 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பெரும் பகுதி, வீட்டுக்குள் வரும் தரவுகளுக்கு. இந்த நீண்ட பரப்பு 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 சிறு தடங்களாகப் பிரிக்கப்படுகிறது. மோடத்தை இயக்கியவுடன் அது இணைப்பகத்தில் உள்ள கருவியோடு சேர்ந்து ஒவ்வொரு தடத்தையும் சோதிக்கும். இரைச்சல் குறைந்த தடத்தில் அதிகத் தரவை ஏற்றும். இரைச்சல் மிகுந்த தடத்தில் குறைவாக ஏற்றும். பழுதான தடத்தை விட்டுவிடும். தொலைபேசிக்கு முன்னால் பொருத்தப்படும் சிறிய வடிகட்டி, பேச்சையும் இணையத்தையும் பிரித்துவிடுகிறது. அத்தை பேசினாலும் இணைப்பு அறுந்து போகாததற்கு இதுவே காரணம்.

மலேசியாவில் தெலிகோம் மலேசியா நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் ‘ஸ்திரீமிக்ஸ்’ என்ற பெயரில் இச்சேவையைத் தொடங்கியது. புதிதாகத் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே இருந்த கம்பியே போதுமானதாக இருந்தது. பழைய பொருளின் முழுப் பயனையும் கண்டறிந்த சிறந்த கண்டுபிடிப்பு இது என்பதில் ஐயமில்லை.

என்றாலும், இதில் ஒரு குறை உண்டு. செப்புக் கம்பியில் மின் அலை செல்லச் செல்ல வலுவிழக்கும். அதிலும் அதிர்வெண் உயர உயர, வலுவிழப்பும் விரைவாகும். எனவே, வீடு தொலைவில் இருந்தால் மேல்தடங்கள் முதலில் பயனற்றுப் போகும். பிறகு, நடுத்தடங்களும் ஒவ்வொன்றாக அடங்கும். இந்நுட்பத்தின் மேம்பட்ட வடிவத்தில், இணைப்பகத்திற்கு மிக அருகில் உள்ள வீடு நொடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேல் பெற முடியும். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ மெகாபிட் கிடைத்தாலே பெரிது. அதற்கும் அப்பால் இணைப்பே நிலைக்காது. இது பாசன வாய்க்காலின் கதையேதான்.

இங்கே ‘தொலைவு’ என்பது பறவை பறக்கும் தொலைவு அன்று. கம்பி செல்லும் தொலைவு. கம்பி சாலையைப் பின்பற்றியே செல்லும். தோட்டச் சாலையோ செம்பனை மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும். பட்டணத்திலிருந்து நேர்க்கோட்டில் நான்கு கிலோமீட்டரில் இருக்கும் லயம், கம்பியின் கணக்கில் ஏழு கிலோமீட்டராக இருக்கலாம். இணைப்பகங்கள் மக்கள் நெருங்கி வாழும் பட்டணங்களில் கட்டப்பட்டன. தொழிலாளர் குடியிருப்புகளோ வேலைக்கு வசதியாகத் தோட்டத்தின் நடுவே கட்டப்பட்டன. பெரியப்பாவின் வீடு கடைமடையாக ஆனது இப்படித்தான். அவர் வாங்கத் தவறியது எதுவுமில்லை. மற்றவர்கள் எப்போதோ எடுத்த முடிவுகளின் விளைவை அவர் ஏற்க நேர்ந்தது.

மழையும் மின்னலும் இக்குறையை மேலும் பெருக்கும். கம்பத்தின் மேலுள்ள இணைப்புப் பெட்டியில் ஈரம் புகுந்து செப்பு களிம்பு பிடித்தால், இரைச்சல் கூடி வேகம் குறையும். நம் நாட்டில் இடிமின்னல் மிகுதி. மின்னலின் அதிர்ச்சி செப்புக் கம்பி வழியே ஓடி வந்து மோடத்தை எரித்துவிடக்கூடும். வானம் இருண்டாலே கம்பியைக் கழற்றி வைக்கும் வழக்கம் அக்காலத்தில் பல வீடுகளில் இருந்தது.

விளம்பரங்களில் ஒரு சிறு சொல் இருக்கும். ‘நொடிக்கு நான்கு மெகாபிட் வரை’ என்று எழுதியிருப்பார்கள். இதில் உள்ள ‘வரை’ என்னும் சொல்லை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அருகில் உள்ளவருக்கு அது கிடைக்கும் அளவு. தொலைவில் உள்ளவருக்கு அது எட்டாத உச்சம். கட்டணத்தில் மட்டும் ‘வரை’ என்ற சொல் இருப்பதில்லை.

இந்நுட்பத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. ஏ.டி.எஸ்.எல். பெயரின் முதல் எழுத்து ‘சமச்சீரற்ற’ என்னும் பொருளைத் தருவது. உள்ளே வரும் பாதை அகலம். வெளியே போகும் பாதை குறுகல். 1980-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் லெக்லைடர், இவ்வாறு பிரித்தால் கம்பியின் பயன் கூடும் என்று காட்டினார். வீட்டில் இருப்பவர்கள் படம் பார்ப்பார்கள், செய்தி படிப்பார்கள். அவர்கள் பெறுவது அதிகம், அனுப்புவது குறைவு என்பது அக்கால எதிர்பார்ப்பு. அது அன்றைக்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஆனால், 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. மாணவர்கள் இயங்கலை வகுப்பில் தங்கள் முகத்தையும் குரலையும் அனுப்ப வேண்டியிருந்தது. செய்த வேலையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டியிருந்தது. வாய்மொழிப் பயிற்சிக்காக 60 மெகாபைட் அளவுள்ள ஒரு காணொலியை ஒரு மாணவி அனுப்புகிறாள் என்று கொள்வோம். பதிவேற்ற வேகம் நொடிக்கு அரை மெகாபிட் என்றால், அதற்கு 16 நிமிடம் ஆகும். நடுவில் இணைப்பு அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்தில் ‘மாணவர் வகுப்பில் கலந்துகொள்ளவில்லை’ என்று குறித்த இடங்களில், எத்தனை இடங்களில் ‘மாணவரின் குரல் வந்து சேரவில்லை’ என்று குறித்திருக்க வேண்டும்!

செப்புக் கம்பியின் குறையை ஒளியிழை தீர்க்கிறது. தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழையில் தரவுகள் ஒளியாகச் செல்கின்றன. செப்பில் ஐந்து கிலோமீட்டரில் தளர்ந்துவிடும் இணைப்பு, வீடுகளுக்கான ஒளியிழைக் கட்டமைப்பில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரை முழு வேகத்துடன் செல்லும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே, மின்னலின் அதிர்ச்சியும் அந்த இழை வழியே வீட்டுக்குள் ஓடி வராது.

அப்படியானால், தொலைவில் உள்ள வீடுகளுக்குத்தானே ஒளியிழை முதலில் தேவைப்பட்டது? நடந்தது வேறு. 2008-ஆம் ஆண்டில் அதிவேக அகன்ற அலைவரிசைத் திட்டத்திற்காக அரசாங்கமும் தெலிகோம் மலேசியாவும் உடன்பாடு செய்துகொண்டன. அரசாங்கம் 2.4 பில்லியன் ரிங்கிட் வழங்க ஒப்புக்கொண்டது. 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘யூனிஃபை’ சேவை தொடங்கியபோது, அது முதலில் கிடைத்த இடங்கள் சுபாங் ஜெயா, ஷா ஆலாம், பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஆகியவை. செப்புக் கம்பியிலேயே ஓரளவு நல்ல வேகம் பெறக்கூடிய நகரங்கள் அவை. வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலுக்கே இரண்டாம் முறையும் நீர் பாய்ந்தது.

இதற்கு நிறுவனங்கள் கூறும் காரணத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். நகரத்தில் ஒரு கிலோமீட்டர் இழை பதித்தால் நூற்றுக்கணக்கான வீடுகள் கிடைக்கும். தோட்டத்தில் அதே நீளத்திற்கு இருபது வீடுகள்கூட கிடைக்காமல் போகலாம். போட்ட முதலை எடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். கணக்கு சரியானதே. ஆனால், இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்திருந்தால், சிற்றூர்களுக்கு மின்சாரமும் அஞ்சலும் சாலையும் வந்தே இருக்கா. இக்குறையைப் போக்கவே, 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் ஒரு பொது நிதி அமைக்கப்பட்டது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வருமானம் ஈட்டும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், தங்கள் வருமானத்தில் கணக்கிடப்படும் தொகையின் ஆறு விழுக்காட்டை அதற்கு வழங்க வேண்டும். வசதி குறைந்த பகுதிகளுக்குச் சேவையைக் கொண்டு செல்வதே அந்நிதியின் நோக்கம். ஆகவே, கடைமடைக்கு இணையம் கேட்பது சலுகை கேட்பதாகாது; சட்டம் ஏற்றுக்கொண்ட ஒரு கடமையை நினைவூட்டுவதாகும்.

“எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறதே, வீட்டுக்கு ஏன் கம்பி?” என்று சிலர் கேட்கின்றனர். கைப்பேசி மிகவும் பயனுள்ளது. 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா திட்டத்தின் வழி கைப்பேசி அலைவரிசையும் பல இடங்களில் மேம்பட்டுள்ளது. ஆனால், ஒரு கோபுரத்தின் திறனை அவ்வட்டாரத்தில் உள்ள எல்லாரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். மாலையில் அனைவரும் வீடு திரும்பியதும் வேகம் குறையும். குன்றும் அடர்ந்த செம்பனை மரங்களும் அலையைத் தடுக்கும். மாத அளவு முடிந்துவிட்டால் மீண்டும் பணம் கட்ட வேண்டும். குறைந்த வருமானம் பெறும் குடும்பத்துக்கு அது பெரும் சுமை. அது மட்டுமன்று, கோபுரம் நன்றாக இயங்க வேண்டுமென்றால், பெரும்பாலும் அந்தக் கோபுரத்துக்கே ஒளியிழை சென்று சேர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் தோட்டத்துக்குள் இழை போகத்தான் வேண்டும்.

எனவே, மூன்று செயல்கள் நடைபெற வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

முதலாவது, கணக்கெடுப்பு கடைசி வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். ‘இத்தனை விழுக்காட்டு வீடுகளுக்கு வசதி உண்டு’ என்ற சராசரிக் கணக்கில் கடைமடை மறைந்துவிடும். நூற்றில் தொண்ணூற்றைந்து என்பது நல்ல மதிப்பெண்தான். ஆனால், எஞ்சிய ஐந்து வீடுகளில் இருப்பவர்களும் நம் வகுப்பில் நம் பக்கத்தில் அமர்ந்து, நாம் எழுதும் அதே எஸ்.பி.எம். தேர்வை எழுதுபவர்கள்.

இரண்டாவது, தோட்ட நிர்வாகங்கள் இதற்கு வழிவிட வேண்டும். தோட்டம் தனியார் நிலம்; அதற்குள் கம்பம் நடவும் இழை பதிக்கவும் நிர்வாகத்தின் ஒப்புதல் தேவை. தொழிலாளர்களுக்கு முறையான வீடும் குடிநீரும் மின்சாரமும் அமைய வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வகுத்தது. ஒரு காலத்தில் மின்விளக்குகூட ஆடம்பரமாகக் கருதப்பட்டது. இன்று மின்சாரம் இல்லாத லயத்தை எவரும் ஏற்கமாட்டார். அந்த வரிசையில் இணையமும் இடம்பெறும் காலம் வந்துவிட்டது.

மூன்றாவது, நாம் சரியாகக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். “எங்கள் வீட்டில் லைன் சரியில்லை” என்று சொன்னால், கேட்பவர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். “எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள் உள்ளன. ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்தோம். பதிவிறக்க வேகம் இவ்வளவு, பதிவேற்ற வேகம் இவ்வளவு. மழை பெய்த நாள்களில் இவ்வளவு” என்று தேதியோடும் எண்களோடும் எழுதிக் கொடுத்தால், அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெரியப்பா அன்று “தூரம் அதிகம்” என்ற பதிலைக் கேட்டு, அது தம் தலைவிதி என்று எண்ணித் திரும்பிவிட்டார். எத்தனை கிலோமீட்டர், அந்தத் தூரத்தைக் குறைக்க என்ன வழி, எப்போது செய்வீர்கள் என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. இன்றைய மாணவர்கள் அவ்வாறு திரும்பி வரக்கூடாது. அறிவியல் பாடத்தில் கற்ற அதிர்வெண்ணும் மொழிப்பாடத்தில் கற்ற அதிகாரப்பூர்வக் கடிதமும் ஒன்றாகப் பயன்படும் இடம் இதுவே.

தொலைபேசிக் கம்பியின் காலம் முடிந்துவருகிறது. தெலிகோம் மலேசியா படிப்படியாகச் செப்புக் கம்பியிலிருந்து ஒளியிழைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. நாளை இதைவிடச் சிறந்த நுட்பமும் வரலாம். எது வந்தாலும் அது எங்கிருந்து தொடங்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கும். அணை திறந்த நாளில் வாய்க்காலின் தலைப்பில் கூடி மகிழ்வது எளிது. ஆனால், கடைமடை வயல் நனைந்த பிறகுதான் பாசனம் நிறைவு பெற்றது என்று விவசாயி சொல்வார். தோட்டத்தின் கடைசி வீட்டில் ஒரு மாணவி தன் காணொலியைத் தடையின்றி அனுப்பி முடிக்கும் நாளில்தான், நம் நாட்டின் இணையத் திட்டமும் நிறைவு பெற்றது என்று நாம் சொல்ல முடியும்.